வாளுக்குக் குமிழும் ஆளுக்குக் கதிரையும்

அருமைராசாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கதிரை. சிரிக்கவேண்டாம். கதிரைக்காகக் காலில் விழுந்தவர்களையும் கட்சி மாறினவர்களையும் நாங்கள் ஊரிலேயே நிறையப் பார்த்துவிட்டோம். இது அந்த ரகம் இல்லை. லொங்குய்யில் ஒரு பட்டறை, பட்டறையின் ஜன்னலோரம் ஒரு வேலை மேசை, மேசைக்குப் பின்னால் முதுகு தேய்ந்த மரக் கதிரை ஒன்று. அதில் இருந்து வேலை செய்யவேண்டும் என்பதுதான் அந்த மனிதருடைய ஆசை முழுவதும். ஐம்பது தாண்டின ஒரு ஆள் இருக்க இடம் கேட்பது பேராசையா என்ன?

அது வாள் பட்டறை. நம்பமாட்டீர்கள். கனடாவில் இந்தக் காலத்தில் வாளை வைத்து ஆரை வெட்டப்போகிறார்கள் என்று அருமைராசாவும் முதல் நாள் கேட்டவர்தான். வாரம் முழுவதும் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்துவிட்டு, கோடை வந்ததும் இரும்புச் சட்டை மாட்டி, பழைய காலத்துப் போர்வீரர்களாக வேஷம் கட்டி, வெளியில் கூடாரம் அடிக்கும் கூட்டம் ஒன்று கியூபெக்கில் இருக்கிறது. அவர்களுக்கும் படம் எடுக்கிறவர்களுக்கும்தான் வாள். விளையாட்டுச் சாமான் என்று மட்டும் அவர்கள் முன்னால் சொல்லிவிடக்கூடாது, கோபம் பொத்துக்கொண்டு வரும். எந்த நூற்றாண்டு, எந்த அரசன் காலம் என்று கேட்டு, அதற்கு ஏற்ற அலகு, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் அதற்கு ஏற்ற குறுக்குக் கை, அதற்கு ஏற்ற பொம்மோ இருந்தால்தான் கையில் தொடுவார்கள்.

பொம்மோ என்பது வாளின் பிடி முடிகிற இடத்தில் இருக்கும் குமிழ். பிடித்த கை வழுக்கிப் போகாமல் தடுப்பது அது. நீண்ட அலகின் பாரத்துக்கு இந்தப் பக்கம் எதிர்ப்பாரம் கொடுப்பதும் அதுதான். பிரெஞ்சுக்காரர்கள் பொம்மோ என்று சொல்ல, பட்டறையில் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது.

அருமைராசாவின் வேலை குமிழ் இல்லை, சாணை. கறுத்துப்போய் வருகிற அலகை ஓடுகிற பட்டியில் அழுத்திப் பிடித்து, பிறகு துணிச் சில்லில் பிடித்து, முகம் தெரியுமட்டும் மினுக்கவேண்டும். நின்றுகொண்டுதான் செய்யவேண்டும், உடம்புப் பாரம் முழுவதும் கையால் இறங்கினால்தான் இரும்பு சொல்வழி கேட்கும். கோப்பை கழுவின கடையை விட்டு இந்தப் பட்டறைக்கு வந்த நாளிலிருந்து நிற்கிறார். காலையில் பார்க் மெற்றோவில் நீலக் கோட்டில் ஏறி, செம்மஞ்சளுக்கு மாறி, பிறகு மஞ்சளுக்கு மாறி, ஆற்றுக்கு அடியால் லொங்குய்ய் போய்ச் சேர்வதே ஒரு வேலை. அந்த நேரத்துச் சனத்துக்குள் இருக்க இடம் கிடைத்தால் அது மாதாவின் புதுமை. போய் நிற்பார். நின்றுகொண்டே திரும்பி வருவார். ஞாயிறு பூசையில் முழந்தாளில் நிற்கிற நேரம்தான் பாதத்துக்கு ஓய்வு என்று மனைவி றோசாவிடம் பகிடி விடுவார். றோசா சிரிக்கமாட்டாள். அவள் ஷபனெல் தெருவில் ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் நாள் முழுக்க மெசினில் கொலர் தைக்கிறவள். சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அந்தக் கதிரையில் இருந்த இத்தாலியக் கிழவர் இலையுதிர்காலத் தொடக்கத்தில் பென்சன் எடுத்துக்கொண்டு மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். இடம் காலி. முதலாளி றெஜான் நல்ல மனிதர், ஆனால் கறாரான மனிதர். ஒரு நாள் சாணையை நிறுத்தச்சொல்லிக் கைகாட்டி, அருமைராசாவை மேசையடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். 'மிஸ்யூ ராசா' என்றுதான் கூப்பிடுவார். அருமை அவர் வாய்க்குள் நுழையவில்லை.

"பிடி போடுவதும் தோல் சுற்றுவதும் நீ பார்த்தே பழகியிருப்பாய். அது பரவாயில்லை. ஆனால் இந்தக் கதிரையில் இருக்கிறவன் தெரிந்தெடுக்கவும் வேண்டும், மிஸ்யூ ராசா. எந்தக் காலத்து வாளுக்கு எந்த பொம்மோ என்று. மத்தியகாலத்து வாள்கள் பற்றி உனக்குத் தெரியுமா?"

இந்த இடத்தில்தான் எங்கள் ஆட்களின் குணம் குறுக்கே வந்து விழுந்தது. வந்த நாட்டில் முதலாளி எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லி நாங்கள் பழகவில்லை. கோப்பை கழுவத் தெரியுமா? தெரியும். லொறி ஓடத் தெரியுமா? தெரியும். பனிக்குள் கூரையில் ஏறி வேலை செய்யத் தெரியுமா? ஏன் தெரியாது! முதலில் ஓம், படிப்பு பேந்து. அருமைராசாவும் பிரெஞ்சில் "உய், உய்" என்றார். என்றதோடு விட்டாரா? பாசையூரில் கோயில் கூத்தில் தான் ராசா வேஷம் கட்டினவர் என்றும், அந்த ராசாக்கள் எல்லாம் ஐரோப்பிய ராசாக்கள்தான் என்றும், வாளைப் பற்றித் தனக்குத் தெரியாதது இல்லை என்றும், தெரிந்த பிரெஞ்சில் ஒரு போடு போட்டார். பொய் ஒன்றும் இல்லை. எங்கள் கத்தோலிக்கக் கூத்துகளில் உரோமாபுரி ராசாவும் போர்த்துக்கல் ராசாவும்தான் தலையில் முடி வைத்து, தமிழில் விருத்தம் பாடி வருவார்கள். அவர்களுடைய வாள் பலகையில் அறுத்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் ஒட்டினது என்பதை மட்டும் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

றெஜான் தலையை ஆட்டினார். மேசையில் துணி சுற்றிக் கிடந்த ஒரு வாளைக் காட்டினார். அலகும் குறுக்குக் கையும் பிடியும் பூட்டியாகிவிட்டது, குமிழ் இல்லை. லவாலில் சரித்திரம் படிப்பிக்கிற மதாம் திபோ என்பவருடைய வாள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பிரெஞ்சு அரசனின் படையில் போன ஒரு வீரனுடையது போல இருக்கவேண்டும். வருகிற வாரம் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். "குமிழை நீ எடுத்து வை. மதாம் சரி என்றால் கதிரை உனக்கு."

சுவர்த் தட்டில் வார்ப்பித்த குமிழ்கள் கிடந்தன. மொட்டு மொட்டாய்ப் பிரிந்தது ஒன்று. பாதிக் கொட்டைப்பாக்கு வடிவில் ஒன்று. மீன்வால் போல விரிந்தது ஒன்று. ஒன்று வெறும் வட்டச் சில்லு. பேரிக்காய் மாதிரி ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கினது இன்னொன்று, பித்தளையில், தகதகவென்று. அருமைராசா பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றும் பிடிபடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது குணரத்தினத்திடம் சொன்னார். குணரத்தினம் பக்கத்துச் சாணையில் நிற்கிறவன், சுன்னாகத்தான், வந்து கொஞ்சக் காலம்தான். பிள்ளையார் படத்தைத் தன் சாணைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தான்.

"உதுக்கே அண்ணை யோசிக்கிறியள்? நீங்கள் வேதக்காரர். வெள்ளைக்காரற்ரை வாள் உங்களுக்குத் தெரியாட்டி வேற ஆருக்குத் தெரியும்?" என்றான் அவன், புட்டைக் குழைத்துக்கொண்டு. "உங்கட சாமி ஒண்டு வாளோட நிக்கிறதெல்லோ."

அடடா! அருமைராசாவின் முகம் மலர்ந்துவிட்டது. சின்னப்பர்! புனித பவுலைத்தான் எங்கள் பழைய ஆட்கள் சின்னப்பர் என்பார்கள். வாள் ஊன்றினபடி நிற்கும் சுரூபம். ஊர்க் கோயிலில் பார்த்த சுரூபம் கண்ணுக்குள் நின்றது. தமிழ்ப் பூசை நடக்கிற பார்க் எக்ஸ்டென்ஷன் கோயில் முந்திப் பிரெஞ்சுக்காரர் கட்டினது. அதிலும் தூணடியில் சின்னப்பர் நிற்கிறார். இதை விட்டுவிட்டு எங்கே போய்த் தேடுவது?

அந்த ஞாயிறு பூசையில் மனிதர் பீடத்தைப் பார்க்கவே இல்லை. பிரசங்கம் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் தூணைப் பார்த்தபடி இருந்தார். றோசா தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"இஞ்சருங்கோ, சாமியார் பாக்கிறார். என்ன வேடிக்கை?"

"பொறும். வாளைப் பாக்கிறன்."

"கோயிலுக்குள்ள வந்து வாளைப் பாக்கிறியளோ! சேசுவே, இந்த மனுசனுக்கு என்ன பிடிச்சது."

பூசை முடிந்ததும் கிட்டப் போய் நின்று பார்த்தார். ஊர்ச் சுரூபத்தில் இருந்த அதே குமிழ். பொன்முலாம் பூசி, பேரிக்காய் வடிவில், அடியில் பருத்து. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு சாட்சி, இந்தப் பக்கம் ஒரு சாட்சி. இரண்டு கோயிலும் ஒத்துச் சொல்கிறபோது அதில் என்ன பிழை வரப்போகிறது? சுரூபம் பொய் சொல்லுமா? திங்கட்கிழமை தட்டிலிருந்த பித்தளைப் பேரிக்காயை எடுத்துத் தன் கையாலேயே மினுக்கி, வாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அந்த வாரம் முழுவதும், சாணையில் நின்றபடியே, இடைக்கிடை கதிரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதாம் திபோ வந்தார். உயரமான பெண், நரைத்த தலை, சப்பாத்தில் சேறு. அலகைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். குமிழைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்?" என்று அருமைராசாவிடமே கேட்டார்.

அருமைராசா சின்னப்பரைச் சொன்னார். ஊர்க் கோயிலையும் சொன்னார், இந்த ஊர்க் கோயிலையும் சொன்னார். றெஜான் தரையைப் பார்த்தார். மதாம் சிரித்தார், ஆனால் இளக்காரமாகச் சிரிக்கவில்லை. அந்தச் சுரூபங்கள் போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரான்சில் ஒரே அச்சில் வார்த்து, கப்பலேற்றி உலகம் முழுக்க விற்றவை என்றார். உங்கள் ஊருக்கு வந்ததும் எங்கள் ஊருக்கு வந்ததும் ஒரே கடைச் சரக்காக இருக்கும். வார்த்தவனுக்கு அழகுதான் முக்கியம், காலம் முக்கியமில்லை. "இந்த வடிவம் என் வீரனுக்குக் கிடைக்கவேண்டும் என்றால் அவன் இன்னும் ஒரு நூறு வருசமாவது சாகாமல் காத்திருக்கவேண்டும், மிஸ்யூ."

அருமைராசாவுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. அந்த அம்மா மேல் இல்லை, அவர் மரியாதையாகத்தான் பேசினார். சின்னப்பர் மேல் கோபிக்க முடியுமா? தன் வாய் மேல்தான். தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் இந்த வெட்கம் வந்திராது. மதாம் அடுத்த வெள்ளி வருவதாகச் சொல்லிப் போனார். றெஜான் தோளில் தட்டி, "அடுத்த வெள்ளி. அதற்குப் பிறகு நான் வெளியில் ஆள் பார்க்கவேண்டும்," என்றார்.

வீட்டில் மகள் றொஷினி மேசையில் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு கல்லூரிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளோடு தமிழில் கதைத்தால் பிரெஞ்சில் மறுமொழி வரும். அலுப்பான நாட்களில் அருமைராசா அதையும் விட்டுவிடுவார். அன்றைக்கு அவள் முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, பழைய காலத்து வாளுகளைப் பற்றிப் புத்தகம் எங்க இருக்கும்?"

"வொய்யோன், அப்பா! நீங்கள் லைப்ரரிக்கோ?" அட என்கிற அந்தப் பிரெஞ்சுச் சொல்லோடு அவள் பேனையை வைத்துவிட்டாள். "பெரி மெற்றோவில புதுசாத் திறந்தது பெருசு. எல்லாம் இருக்கும்."

பெரி. அருமைராசா ஒவ்வொரு நாளும் செம்மஞ்சளை விட்டு மஞ்சளுக்கு ஓடுகிற நிலையம். தலைக்கு மேலே இவ்வளவு பெரிய நூலகம் எழும்பி நிற்கிறது, ஒரு நாளாவது படியேறிப் பார்க்கவில்லை. ஏறுவதற்குக் கால் எங்கே இருந்தது!

சனிக்கிழமை தகப்பனும் மகளும் போனார்கள். றொஷினி கணினியில் தட்டி, தட்டுகளுக்கு நடுவில் நடந்து, பாரமான புத்தகங்களாகக் கொண்டுவந்து அடுக்கினாள். அருமைராசா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். கல்லறைகளின் படங்கள். அந்தக் காலத்து வீரர்களைக் கல்லில் செதுக்கி, அவரவர் கல்லறைக்கு மேல் மல்லாத்திக் கிடத்தியிருந்தார்கள். கை கூப்பினபடி, இடுப்பில் வாள், காலடியில் நாய்க்குட்டி.

"எல்லாரும் எவ்வளவு சுகமாப் படுத்திருக்கினம் பார்," என்றார்.

"அப்பா! செத்த ஆக்கள்."

"அதுதான் சொல்லுறன்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு இரண்டு பேருக்கும் அது ஒரு வேலையாகிவிட்டது. அவள் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை வாசித்து, எந்தக் காலம் என்று சொல்வாள். அவர் இடுப்பைப் பார்த்து, எந்தக் குமிழ் என்று சொல்வார். பாக்குப் பாதி வடிவம் பழைய ஆட்களிடம் இருந்தது. பேரிக்காய் மதாம் சொன்ன மாதிரியே மிகவும் பிந்தி வந்தது. மதாமின் வீரன் வாழ்ந்த காலத்துக் கல்லறைகளில் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: வட்டச் சில்லு, இரண்டு பக்கமும் நடுவில் கொஞ்சம் மேடு தட்டினது. ஓட்டை போட மறந்த உழுந்து வடை போல இருந்தது. ஒரு அரசனுடைய கல்லறையிலும் அதே வடைதான். பொன்னும் இல்லை, பூவும் இல்லை.

"ராசாவுக்கும் இவ்வளவுதானோ?" அருமைராசாவால் நம்ப முடியவில்லை. "எங்கட கூத்தில மந்திரிக்கே இதைவிட மினுக்கம் கூட."

றொஷினி புத்தகத்தை மூடாமல் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன் அப்பா இது இவ்வளவு முக்கியம்? சம்பளம் கூட்டுவினமோ?"

"இல்லை. அதே சம்பளம்தான்."

"அப்ப?"

"இருந்துகொண்டு வேலை செய்யலாம், பிள்ளை."

அவள் தகப்பனுடைய சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள், நாடா தளர்த்திவிட்டிருந்ததைப் பார்த்தாள், எழும்பிப் போய் இன்னும் இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவள் முழுக்கத் தமிழிலேயே கதைத்தாள் என்று அருமைராசா பிறகு றோசாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

வெள்ளிக்கிழமை மதாம் வந்து, வாளடியில் கிடந்த இரும்புச் சில்லைப் பார்த்தார். கையில் எடுத்து உருட்டினார். "இதை ஏன்?" என்று போன முறை கேட்டதையே கேட்டார்.

"மதாம், எனக்கு இதெல்லாம் தெரியாது," என்றார் அருமைராசா. இத்தனை வருசத்தில் ஒரு வெள்ளைக்காரர் முன்னால் அவர் இந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தரம், உலகம் இடிந்து விழவில்லை. "மகளோடு போய்ப் புத்தகத்தில் பார்த்தேன். அந்தக் காலத்து ஆட்கள் பலர் இதைத்தான் கட்டியிருக்கிறார்கள். ராசாவும் இதைத்தான் கட்டியிருக்கிறார். அதனால் எடுத்தேன்."

மதாம் றெஜானைத் திரும்பிப் பார்த்து, "என் மாணவர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னால் நான் நிம்மதியாக இருப்பேன்," என்றார். றெஜான் கதிரையை இழுத்துவிட்டு, கையை நீட்டிக் காட்டினார். மதாமை வழியனுப்பிவிட்டு ஒரு சாமான் எடுக்க வெளியிலும் போய்விட்டார்.

அருமைராசா இருந்தார். உண்மையாகவே இருந்தார். முதுகு பலகையில் பட்டது, கால் இரண்டும் தரையில் பாரமில்லாமல் கிடந்தன, ஜன்னலால் வெயில் மடியில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. குணரத்தினம் சாணையடியில் நின்று, "ராசா வேஷம் கட்டியாச்சு!" என்று கத்திக் கைதட்டினான்.

இனி வேலை. அலகின் வால் பிடிக்குள்ளால் வந்து, குமிழின் துளைக்குள்ளால் வெளியே ஒரு நகத்தளவு நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நுனியைச் சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிப் பரப்பவேண்டும். பலம் வேண்டாம், ஒரே இடத்தில், ஒரே அளவில், பொறுமையாக விழவேண்டும். இத்தாலியக் கிழவர் பாட்டு முணுமுணுத்தபடி செய்கிற வேலை. அருமைராசா வாளை மேசைக் குறட்டில் இறுக்கிவிட்டு, சுத்தியலை எடுத்து ஓங்கினார்.

சுத்தியல் நுனியில் விழவில்லை. பக்கத்தில், மினுக்கின சில்லில் விழுந்து, ஒரு பள்ளம் போட்டது.

பதற்றமாக்கும் என்று நினைத்தார். மூச்சை இழுத்துவிட்டு மீண்டும் ஓங்கினார். சுத்தியலின் தலை காற்றில் ஆடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததும் பிசகி விழுந்தது. சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார். விரல்கள் ஐந்தும் தங்கள் பாட்டில் நடுங்கிக்கொண்டிருந்தன. மற்றக் கையை நீட்டினார். அதுவும் அப்படித்தான்.

சாணையடியில் நிற்கிறபோது எல்லாமே நடுங்கும். பட்டி நடுங்கும், அலகு நடுங்கும், பல் நடுங்கும். அந்தக் கூத்துக்குள் கை தனியாக நடுங்குவதை யார் கண்டது? தேத்தண்ணி சிந்தினால் குளிர் என்பார். சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தால் வயது என்பார். வருசக் கணக்காக மெசின் கொடுத்ததை எல்லாம் கை வாங்கி வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்திருக்கிறது. இருக்க இடம் கிடைத்த அன்றுதான் காட்டிக்கொடுத்தது. நாசமாய்ப் போன சாணை!

குணரத்தினம் சாணையை நிற்பாட்டிவிட்டு வந்தான். சுத்தியலை எடுத்துத் தட்டத் தொடங்கினான். டக், டக், டக் என்று நுனி பரந்து, வட்டமாகப் படிந்தது. பள்ளம் விழுந்த வாளை அருமைராசா தூக்கிக்கொண்டு போய்ப் பட்டியிலும் துணிச் சில்லிலும் பிடித்தார். அழுத்தினதும் கை கல்லுப்போல நின்றது. பள்ளம் மறைந்தது.

"அண்ணை, ஒண்டும் யோசியாதேங்கோ," என்றான் குணரத்தினம், குரலைத் தாழ்த்தி. "நீங்கள் அதிலயே இருங்கோ. அடிக்கிற வேலை வந்தாக் கையைக் காட்டுங்கோ, நான் ஓடியாறன். முதலாளிக்கு ஒண்டும் தெரியாது."

அருமைராசாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. நன்றாக யோசித்தார். ஒவ்வொரு வாளுக்கும் இந்த அடி உண்டு. ஒவ்வொரு வாளுக்கும் இவன் தன் வேலையையும் செய்து, ஒளித்து ஒளித்து இவருடைய வேலையையும் செய்யவேண்டும். இருக்கிறது ஒருவர், நிற்கிறது மற்றவர். அந்தச் சாணை என்ன செய்யும் என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. இவனுடைய கை இன்னும் நல்ல கை.

றெஜான் திரும்பி வந்து வாளை எடுத்து வெயிலில் பிடித்து, "அருமை! அருமை!" என்கிற மாதிரிப் பிரெஞ்சில் என்னவோ சொன்னார். அருமைராசா எழும்பி, கையை அவருக்கு முன்னால் நீட்டினார். சொல்ல வார்த்தை தேடவேண்டியிருக்கவில்லை. பிறகு வாளையும், அதை அடித்த குணரத்தினத்தையும் சுட்டிக்காட்டினார். றெஜானின் முகம் மாறியது. டொக்டரிடம் காட்டச் சொன்னார், கடதாசி எல்லாம் தான் எழுதித் தருவதாகச் சொன்னார். பிறகு, "குமிழ் தெரிந்தெடுக்கிறது இனி உன் பொறுப்புத்தான்," என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் குமிழ் தெரிந்தெடுக்க ஒரு கோப்பி குடிக்கிற நேரம் போதும். மிச்ச நேரத்துக்குச் சாணைதான். கதிரை குணரத்தினத்துக்கு.

"எனக்கு வேண்டாம் அண்ணை. நீங்கள் ஆசைப்பட்ட இடம்," என்று குணரத்தினம் கதிரையைத் தொடாமல் நின்றான்.

"இரும் காணும்," என்று அருமைராசா அவனைத் தோளில் பிடித்து இருத்தினார். "ஆரும் இருக்கவேணுமெல்லோ."

அன்று பின்னேரம் மெற்றோவில் இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது றோசாவும் அப்போதுதான் வேலையால் வந்து, குளிர்ச்சட்டையைக் கூடக் கழற்றாமல் குசினி மேசையடியில் இருந்தாள். இவரைக் கண்டதும் முகம் விரிந்தது. காலையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனவள்.

"என்னப்பா, கதிரை கிடைச்சதோ?"

"கிடைச்சது," என்றார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரில் இருந்தார். "கதிரை கிடைச்சது றோசா. கைதான் கிடைக்கேல்லை."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் கையை மேசையில் வைத்தார். விரல்கள் மேசை விரிப்பில் மெல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தன. அவர் நடந்ததை எல்லாம் சொன்னார்: சுத்தியலை, பள்ளத்தை, குணரத்தினத்தை, முதலாளி முகம் மாறினதை. அழவில்லை, அழுவதற்கு அலுப்பாக இருந்தது. றோசா கேட்டுக்கொண்டே அந்தக் கையைத் தூக்கித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துப் பொத்தினாள். நடுக்கம் நிற்கவில்லை. பொத்தின பிறகு இன்னும் கூடினது போல அவருக்குப் பட்டது.

"எனக்குத் தெரியேல்லையேப்பா," என்றாள் அவள். கண்ணீர் கன்னத்தால் வழிந்து கொலரில் விழுந்தது. "ஒவ்வொரு நாளும் இந்தக் கையைப் பிடிச்சுக்கொண்டுதானே படுக்கிறன். நடுங்கிறது என்ரை கை எண்டெல்லோ இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."